எதிரிகளின் சாட்சியம்

1941 நவம்பர் 24 காலை. மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால், ‘அக்விட்டானியா’ என்ற பெரிய பயணிகள் கப்பல் நடுக்கடலில் ஒரு மிதவையைக் கண்டது. அதில் வெயிலில் வெந்து, தாகத்தில் துவண்டு 26 பேர் இருந்தார்கள். மேலே ஏற்றி விசாரித்தபோதுதான் அவர்கள் ஜெர்மன் கடற்படையினர் என்று தெரிந்தது. போர்க்காலம் என்பதால் அக்விட்டானியா வானொலியில் எதுவும் சொல்லாமல் தன் வழியே போய்விட்டது. அதே நாட்களில் ‘ட்ரோகாஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல் இன்னொரு மிதவையிலிருந்து 25 பேரை மீட்டது. ‘சென்டார்’ என்ற சரக்குக் கப்பல் ஆட்கள் நிறைந்த ஒரு படகைக் கட்டி இழுத்து வந்தது. இரண்டு படகுகள் தாமாகவே கார்னார்வான் ஊருக்கு வடக்கே கரை ஒதுங்கின. எல்லாம் சேர்ந்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். ஒருவர் விடாமல் அத்தனை பேரும் ‘கொர்மொரான்’ என்ற ஒரே கப்பலின் ஆட்கள்.

அவர்கள் எல்லோரும் சொன்ன செய்தி ஒன்றுதான். நவம்பர் 19 மாலை ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ஒன்றோடு மோதினோம், அது எரிந்துகொண்டே இருட்டில் மறைந்தது, எங்கள் கப்பலை நாங்களே வெடிவைத்து மூழ்கடித்தோம்.

அந்தப் போர்க்கப்பல் எச்.எம்.ஏ.எஸ். சிட்னி. அதில் இருந்தவர்கள் 645 பேர்: கடற்படையினர் 635, விமானப்படையினர் 6, கப்பல் கேன்டீனில் வேலை பார்த்த சிவிலியன்கள் 4. ஒருவர்கூட உயிரோடு கிடைக்கவில்லை. தேடிப் போனவர்களுக்கு நவம்பர் 28 அன்று ஒரு வெற்று மிதவை கிடைத்தது. அதன் உடலெங்கும் குண்டுச் சிதறல்கள் துளைத்த ஓட்டைகள்.

சிட்னி என்ற பெயருக்குப் பின்னால் சென்னைக்காரர்களுக்கும் தொடர்புள்ள ஒரு கதை உண்டு. 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை, நவம்பரில் கோகோஸ் தீவுகளருகே அடித்து முடக்கியது முதலாவது சிட்னி. அந்தப் பெயரைச் சுமந்த இரண்டாவது கப்பல் இது. 1940 ஜூலையில் மத்தியதரைக் கடலில் ‘பார்த்தலோமியோ கொலியோனி’ என்ற இத்தாலியக் க்ரூஸரை மூழ்கடித்த பெருமையோடு 1941 பிப்ரவரியில் ஊர் திரும்பியபோது சிட்னி நகரமே தெருவில் திரண்டு வரவேற்றது. அப்படிப்பட்ட கப்பலை, சரக்குக் கப்பலைப் போல வேடமிட்ட ஒரு ஜெர்மன் கப்பல் எப்படி வீழ்த்தியிருக்க முடியும்?

ஜெர்மானியர்கள் தந்த விளக்கம் எளிமையானது. கொர்மொரான் டச்சுக் கொடி கட்டி, ‘ஸ்ட்ராட் மலாக்கா’ என்ற டச்சு வணிகக் கப்பலின் பெயரைப் பூண்டிருந்தது. சோதிப்பதற்காக சிட்னி நெருங்கி நெருங்கி, ஒரு கிலோமீட்டர் சொச்சத் தூரத்துக்கு வந்துவிட்டது. உண்மையான ஸ்ட்ராட் மலாக்காவுக்கு மட்டும் தெரிந்த ரகசிய அடையாளத்தைக் கேட்டது. பதில் தெரியாத கொர்மொரானின் தலைவர் தியோடோர் டெட்மெர்ஸ் வேடத்தைக் களைந்து, போர்க்கொடி ஏற்றிச் சுட உத்தரவிட்டார். அந்தத் தூரத்தில் சிட்னியின் கவசமும் நீண்ட தூரம் பாயும் பீரங்கிகளும் பயன்படவில்லை; யார் முதலில் அடித்தார் என்பதுதான் முடிவை நிர்ணயித்தது. அடி வாங்கிய பிறகும் சிட்னி திருப்பிச் சுட்டது. அந்தக் குண்டுகள்தான் கொர்மொரானின் எந்திர அறையைக் கெடுத்து அதன் கதையையும் முடித்தன.

இந்த விளக்கத்தைப் பலர் ஏற்கவில்லை. ஏற்காததில் வியப்பும் இல்லை. பிள்ளையை, கணவனை, அப்பாவைப் பறிகொடுத்த குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு தந்தி. சாட்சிகள் அத்தனை பேரும் கொன்றவர்களின் தரப்பு. அந்த வெற்றிடத்தில் வதந்திகள் வளர்ந்தன. ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று ரகசியமாக உதவியது, நீரில் தத்தளித்தவர்களை எந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள், ஜெர்மானியர்கள் கூடிப் பேசி ஒரே பொய்யைச் சொல்கிறார்கள் என்றெல்லாம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நூல்கள் எழுதப்பட்டன. போர் நடந்த இடம் என்று டெட்மெர்ஸ் சொன்ன 26 டிகிரி தெற்கு, 111 டிகிரி கிழக்கு என்பதே சந்தேகத்தைக் கிளப்பியது. இவ்வளவு முழு எண்ணாகவா ஒரு மாலுமி இடம் சொல்வார்? அதை நம்பாதவர்களில் சிலர், கப்பல்கள் தெற்கே அப்ரோலோஸ் தீவுகளின் பக்கம் கிடக்கின்றன என்று வாதிட்டார்கள். இரண்டு ஊகங்களுக்கும் இடையில் பல நூறு கிலோமீட்டர் கடல். இரண்டரை கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில், நூறு கிலோமீட்டர் தவறினாலே தேடலுக்கு வைத்திருக்கும் பணம் முழுவதும் கரைந்துவிடும்.

கப்பல் எங்கே கிடக்கிறது என்ற கேள்வி இங்கேதான் எதிர்பாராத ஒரு துறையின் கைக்குப் போனது. கடலியலாளர்களும் வரலாற்றாசிரியர்களும் மோதிக்கொண்டிருந்தபோது, இரண்டு உளவியலாளர்கள் இதில் இறங்கினார்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் கிம் கிர்ஸ்னரும், பிற்பாடு அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் டன்னும் மனித நினைவைப் பற்றி ஆராய்பவர்கள். அவர்களுக்குக் கப்பலைவிட, அந்த ஜெர்மன் மாலுமிகள் விசாரணையில் சொன்ன வாக்குமூலங்கள்தான் பொருளாகத் தெரிந்தன. போர் நடந்த இடத்தைப் பற்றி ஏறத்தாழ 70 கூற்றுகள் இருந்தன. ஒருவர் அட்சரேகை தீர்க்கரேகை சொன்னார். இன்னொருவர் கரையிலிருந்து இத்தனை மைல் என்றார். மற்றொருவர் இன்ன ஊருக்கு இன்ன திசையில் என்றார். எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்தால் கடல் முழுக்கப் புள்ளிகள். வழக்கறிஞர் ஒருவரிடம் இதைக் கொடுத்தால் சாட்சியம் செல்லாது என்று ஒரு நொடியில் தள்ளிவிடுவார்.

நினைவை ஆராய்பவர் அப்படித் தள்ளமாட்டார். இதற்கான வழி, கேம்பிரிட்ஜில் ஃப்ரெடெரிக் பார்ட்லெட் செய்து 1932-இல் நூலாக வெளியிட்ட சோதனைகளில் இருந்தது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஒரு கதையை, அதற்குப் பழக்கமில்லாத ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, பிறகு திரும்பச் சொல்லச் சொன்னார் பார்ட்லெட். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது. புரியாத பகுதிகள் உதிர்ந்தன. தோணி படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. நினைவு தேய்கிறது, ஆனால் மனம் போன போக்கில் தேய்வதில்லை என்பது அவர் கண்டது. தேய்மானத்துக்கு ஒரு வடிவம் உண்டு.

கிர்ஸ்னரும் டன்னும் கேட்ட கேள்வி இதுதான்: இந்த ஜெர்மானியர்களின் கூற்றுகள் எந்த வடிவத்தில் சிதறியிருக்கின்றன? கூடிப் பேசி மனப்பாடம் செய்த பொய் என்றால் எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்லியிருப்பார்கள். ஆளுக்கொரு பொய் என்றால் எந்த ஒழுங்கும் தெரியாது. இங்கே இரண்டும் இல்லை. வழிகாட்டும் அறையிலிருந்து ஒரு செய்தி வெளியே வந்து, அதிகாரியிடமிருந்து எந்திர அறைக்காரனுக்கும், அவனிடமிருந்து சமையல்காரனுக்கும் வாய்வழியாகப் போய், படகில் தாகத்தோடு கிடந்த நாட்களைத் தாண்டி, கடைசியில் விசாரணை அதிகாரியின் மேசைக்கு வந்தால் எப்படித் தேய்ந்திருக்குமோ அப்படித்தான் அது தேய்ந்திருந்தது. எண்கள் மாறின, திசைகள் குழம்பின, ஆனால் பார்ட்லெட்டின் சோதனையில் பங்கேற்றவர்களின் நினைவு தேய்ந்த மாதிரியோடு இந்தத் தேய்மானம் ஒத்துப்போனது. ஆக, இவர்கள் ஏமாற்றவில்லை. கேட்டதை நினைவிலிருந்து சொல்கிறார்கள்.

இந்தக் கதை முழுவதிலும் என்னை மிகவும் ஈர்த்த இடம் இதுதான். ஒரு சாட்சியத்தில் இருக்கும் பிழைகளே அது நேர்மையானது என்பதற்கு ஆதாரமாகும் என்று அதற்கு முன் யாரும் இந்த வழக்கில் யோசிக்கவில்லை. அறுபது ஆண்டுகள் மக்கள் ‘நம்பலாமா, கூடாதா’ என்றே கேட்டார்கள். உளவியலாளர்கள் அந்தக் கேள்வியை மாற்றினார்கள்: ஒவ்வொருவரையும் எவ்வளவு நம்பலாம்?

அடுத்த வேலை கணக்கு. ஒவ்வொரு கூற்றையும் ஒரு கட்டுப்பாடாக எடுத்துக்கொண்டு, எல்லாக் கட்டுப்பாடுகளையும் மிகக் குறைந்த முரண்பாட்டோடு நிறைவு செய்யும் இடம் கடலில் எது என்று தேடினார்கள். யாரும் முழுக்கச் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் நேர்மையான பிழைகள் ஒரே பக்கம் சாய்வதில்லை. ஒருவர் வடக்கே தள்ளிச் சொன்னால் இன்னொருவர் தெற்கே தள்ளுவார். போதுமான குரல்கள் இருந்தால் அவை ஒன்றையொன்று சரிக்கட்டி நடுவில் ஒரு புள்ளியை விட்டுச்செல்லும்.

இதற்கிடையில் இன்னொருவர் வேறு வழியில் வந்துகொண்டிருந்தார். ஆழ்கடல் சிதைவுகளைத் தேடுவதையே தொழிலாகக் கொண்ட டேவிட் மெர்ன்ஸ், ஆவணங்களைத் துருவுவதில் தேர்ந்தவர். அவர் துருவியவற்றில் ஒன்று டெட்மெர்ஸின் அகராதி. டெட்மெர்ஸ் கைதியாக இருந்தபோது, ஓர் அகராதியில் எழுத்துகளின் கீழே கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு புள்ளிகளை வைத்து, போரின் அறிக்கையைச் சங்கேதமாக ஒளித்து வைத்திருந்தார். தன் கடற்படை மேலிடத்துக்குச் சேர வேண்டிய அறிக்கை அது. எதிரியை ஏமாற்றும் பொய்யை யாரும் தன் மேலதிகாரிக்கு இவ்வளவு பாடுபட்டு எழுதமாட்டார்கள். அதிலிருந்ததும் விசாரணையில் அவர் சொன்னதும் பொருந்தின. மிதவைகள் கிடைத்த இடங்களிலிருந்து காற்றையும் நீரோட்டத்தையும் பின்னோக்கிக் கணக்கிட்டவர்களின் முடிவும் பெரிதாக விலகவில்லை. வெவ்வேறு பாதைகள் ஒரே கடற்பரப்பில் வந்து சேர்ந்தன.

2008 மார்ச்சில் ‘ஃபைண்டிங் சிட்னி’ அறக்கட்டளையின் தேடல் ‘ஜியோசவுண்டர்’ என்ற கப்பலில் தொடங்கியது. மெர்ன்ஸ் வகுத்த தேடல் பரப்பு ஏறத்தாழ 1,800 சதுர கடல் மைல். பக்கவாட்டுச் சோனாரைப் பொருத்திய கருவியைப் பல கிலோமீட்டர் நீளக் கம்பிவடத்தின் நுனியில் கட்டி, கடலடிக்குச் சில நூறு மீட்டர் மேலே இழுத்துச் சென்றார்கள். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் போகிறது; ஒளியைப் போல சில நூறு மீட்டரில் அடங்கிவிடுவதில்லை. கருவி இருபுறமும் ஒலித்துடிப்புகளை அனுப்பி, திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. சேறு ஒலியை விழுங்கும், எஃகு உரக்கத் திருப்பும். எஃகுக்குப் பின்னால் ஒலி எட்டாத இடம் நிழலாக விழும். அந்த நிழலின் நீளத்திலிருந்து பொருளின் உயரத்தைக் கணக்கிடலாம். தாழ்ந்த அதிர்வெண் வெகுதூரம் போகும், ஆனால் மங்கலாகக் காட்டும். உயர்ந்த அதிர்வெண் துல்லியமாகக் காட்டும், தூரம் போகாது. அதனால் முதலில் தாழ்ந்த அதிர்வெண்ணில் அகலமாகத் துழாவிவிட்டு, சந்தேகப்பட்ட இடத்துக்கு மட்டும் உயர்ந்த அதிர்வெண்ணோடு திரும்பி வருவார்கள்.

தேடல் தொடங்கிய சில நாட்களிலேயே, மார்ச் 12 அன்று, கொர்மொரான் கிடைத்தது. அதில் இருந்த கடல் கண்ணிவெடிகள் வெடித்ததால் துண்டுகளாகச் சிதறி, 2,560 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. டெட்மெர்ஸ் சொன்ன முழு எண் இடத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள். கிர்ஸ்னரும் டன்னும் கணக்கிட்டுத் தந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர். பிறகு வேலை எளிதாயிற்று. சிட்னி எந்தத் திசையில் மெல்ல விலகிப்போனது, அதன் தீயொளி எப்போது கண்ணிலிருந்து மறைந்தது என்று ஜெர்மானியர்கள் சொல்லியிருந்தார்கள். அதைப் பின்தொடர்ந்து போனவர்களுக்கு மார்ச் 16 அன்று, சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், 2,468 மீட்டர் ஆழத்தில் சிட்னி கிடைத்தது.

பிறகு தொலைவிலிருந்து இயக்கி இறக்கிய கேமராக்கள் காட்டியவை, அந்த வாக்குமூலங்களை வரிக்கு வரி உறுதி செய்தன. டார்பிடோ முன்பகுதியைத் தாக்கியது என்று சொன்னார்கள். கப்பலின் மூக்குப் பகுதி முழுதாகப் பிய்ந்து, சுமார் அரை கிலோமீட்டர் தள்ளித் தனியே கிடந்தது. கட்டளை மேடையை முதலில் அடித்தோம் என்றார்கள். 2015-இல் கர்ட்டின் பல்கலைக்கழகமும் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகமும் மறுபடி இறங்கி, லட்சக்கணக்கான படங்கள் எடுத்து முப்பரிமாண மாதிரி செய்தபோது, அந்த மேடையில் பாய்ந்த குண்டின் துளை துல்லியமாகத் தெரிந்தது. கேப்டன் ஜோசப் பர்னெட்டும் அவரோடு நின்ற அதிகாரிகளும் போரின் முதல் நொடிகளிலேயே வீழ்ந்திருக்கக்கூடும். 15 சென்டிமீட்டர் குண்டுகள் மட்டும் 87 முறை தாக்கியிருந்ததை எண்ணினார்கள். முன்னாள் நீதிபதி டெரன்ஸ் கோல் தலைமையிலான விசாரணை 2009-இல் முடிந்தபோது, ஜப்பானிய நீர்மூழ்கிக்கும், நீரில் சுட்டுக்கொன்ற கதைக்கும் ஆதாரமில்லை என்று முடிவாயிற்று.

‘ஏன் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை’ என்ற கேள்வி ஒவ்வொரு குடும்பத்திலும் அணையாமல் இருந்தது. அதற்கான பதிலும் சேற்றிலேயே கிடந்தது. சேதமடைந்த படகுகள் கப்பலின் சிதறல்களோடு பரவிக் கிடந்தன. இறக்குவதற்குப் படகு இல்லை. படகை இறக்கியிருக்க வேண்டியவர்களில் பெரும்பாலானோர் போரிலேயே மாண்டோ செயலிழந்தோ போயிருந்தார்கள். எரிந்துகொண்டு ஊர்ந்த கப்பலின் முன்பகுதி பிய்ந்ததும், மிஞ்சியது சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. இது ஆறுதல் தரும் பதில் அல்ல. ஆனால் மகன் நீரில் சுடப்பட்டான் என்ற வதந்தியோடு அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு, என்ன நடந்தது என்று தெரிவது பெரிய விஷயம் என்றே நான் நினைக்கிறேன்.

மெர்ன்ஸ் அடுத்த ஆண்டே சென்டாரைத் தேடிப் போனார். ஆம், 1941-இல் ஜெர்மானியர்களின் படகை இழுத்து வந்த அதே சென்டார். பிற்பாடு அது மருத்துவமனைக் கப்பலாக மாற்றப்பட்டு, செஞ்சிலுவைச் சின்னங்களோடு போய்க்கொண்டிருந்தபோது, 1943 மே 14 அன்று பிரிஸ்பேனுக்கு அப்பால் ஜப்பானிய டார்பிடோ ஒன்றால் மூழ்கடிக்கப்பட்டது. 332 பேரில் 268 பேர் இறந்தார்கள். 12 செவிலியரில் எல்லென் சாவேஜ் ஒருவர் மட்டும் பிழைத்தார். உயிர் தப்பிய இரண்டாம் அதிகாரி கோர்டன் ரிப்பன், கப்பல் மூழ்கிய இடத்தை நட்சத்திரங்களையும் வேகத்தையும் வைத்துக் கணித்துச் சொன்னார். அதையும் பலர் நம்பவில்லை. 1995-இல் வேறொரு சிதைவைக் காட்டி அதுதான் சென்டார் என்றார்கள். அது ‘கியோகிள்’ என்ற வேறு கப்பல் என்பது 2003-இல்தான் தெளிவாயிற்று. 2009 டிசம்பரில் மெர்ன்ஸ் சென்டாரைக் கண்டுபிடித்த இடம், ரிப்பன் சொன்ன புள்ளியிலிருந்து ஒரு கடல் மைலுக்குள் இருந்தது.

சிட்னியையும் கொர்மொரானையும் யாரும் தொடக்கூடாது என்று சட்டம் காக்கிறது. இரண்டும் 2011-இல் ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உண்மையில் சட்டத்தைவிட ஆழமே அவற்றுக்குப் பெரிய காவல். சிட்னியின் சகோதரிக் கப்பலான எச்.எம்.ஏ.எஸ். பெர்த் 1942 மார்ச் 1 அன்று சுந்தா நீரிணையில் மூழ்கியது. அது கிடப்பது முக்குளிப்பவர்கள் எட்டும் ஆழத்தில். அதன் எஃகையும் வெண்கலத்தையும் பழைய இரும்பாக அறுத்து விற்றவர்கள் பாதிக்கு மேல் கொண்டுபோய்விட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களின் கல்லறை அது. ஜாவாக் கடலில் டச்சுப் போர்க்கப்பல்கள் சில மொத்தமாகவே காணாமல் போயிருந்தது 2016-இல் தெரியவந்தது.

சிட்னியிலிருந்து ஒரே ஒருவர் மட்டும் கரை சேர்ந்தார், உயிரோடு அல்ல. 1942 பிப்ரவரி 6 அன்று கிறிஸ்துமஸ் தீவருகே ஒரு மிதவை தெரிந்தது. அதில் நீலம் வெளுத்துப்போன வேலை உடுப்போடு ஓர் உடல். போர் நடந்த இடத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். 79 நாட்களில் அந்தத் தூரம் என்றால் நாளொன்றுக்கு 23 கிலோமீட்டர். காற்றும் நீரோட்டமும் ஒரு மிதவையைத் தள்ளும் வேகத்துக்கு அது பொருந்துகிறது. தீவிலிருந்தவர்கள் அந்த உடலை மரியாதையோடு புதைத்தார்கள். அடுத்த சில வாரங்களில் ஜப்பானியர் தீவைப் பிடித்ததால் பதிவுகள் போய்விட்டன, கல்லறை மறந்துபோனது. 2006-இல் அதைக் கண்டுபிடித்துத் தோண்டினார்கள். மண்டையோட்டில் ஓர் உலோகத் துண்டு இருந்தது. துப்பாக்கிக் குண்டோ என்ற சந்தேகம் எழுந்தது. பழைய வதந்திக்கு அதுவே போதும். பகுத்தாய்ந்தபோது அது ஜெர்மன் பீரங்கிக் குண்டின் சிதறல் என்று உறுதியாயிற்று. 2008 நவம்பரில், பெயர் தெரியாமலேயே, ஜெரால்ட்டன் போர்க் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அவரை மறுபடி அடக்கம் செய்தார்கள்.

பெயர் தெரிய இன்னும் 13 ஆண்டுகள் ஆயின. அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் தொன்மை டிஎன்ஏ ஆய்வு மையத்தில் ஜெரெமி ஆஸ்டின் குழு எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும் டிஎன்ஏ எடுத்தது. சிவந்த முடி, நீலக் கண், வெளிர்ந்த தோல் என்பது வரை அது சொல்லிவிட்டது. ஆனால் ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் ஒப்பிட உறவினர் வேண்டும். தாய்வழியே மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைக் கொண்டு ஒப்பிட, அம்மாவின் சகோதரியின் மகளின் மகள் என்ற வரிசையில் யாராவது உயிரோடு இருக்க வேண்டும். தந்தைவழி ஒய் குரோமோசோமுக்கு ஆண்வாரிசுகள் வேண்டும். இறந்தவர்களில் பலர் மணமாகாத இளைஞர்கள். பிள்ளைகள் இல்லை, குடும்பப் பெயர்கள் மாறியிருந்தன, கிளைகள் வேறு நாடுகளுக்குப் போயிருந்தன. பரம்பரை ஆய்வாளர்கள் ஒவ்வொரு வீட்டின் மரத்தையும் பின்னோக்கி ஏறி, பிறகு பக்கவாட்டில் இறங்கி, இன்று உயிரோடிருப்பவர்களைத் தேடிப்பிடித்து மாதிரி கேட்டார்கள். யாரென்றே தெரியாத ஒரு மூத்த தலைமுறை உறவினருக்காக அவர்கள் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கொடுத்தார்கள்.

2021 நவம்பர் 19 அன்று, போர் நடந்து சரியாக 80 ஆண்டுகள் கழித்து, கான்பெராவில் பெயர் அறிவிக்கப்பட்டது. தாமஸ் வெல்ஸ்பி கிளார்க், பிரிஸ்பேன்காரர், வயது 21. 1941 ஆகஸ்டில்தான் சிட்னியில் சேர்ந்திருந்தார். நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியால் நீர்மூழ்கிகளைக் கண்டறியும் வேலைக்குப் பயிற்சி பெற்றவர். ஜெரால்ட்டனில், ஸ்காட் குன்றின் மேல், சிட்னியின் ஆட்களுக்காக எழுப்பிய நினைவுக் குவிமாடம் 645 எஃகுக் கடற்புறாக்களால் ஆனது. அங்கே வருகிற குடும்பங்களில் கிளார்க்கின் வீட்டாருக்கு மட்டும், அதே ஊரின் போர்க் கல்லறையில் போய் நிற்க ஓர் இடம் உண்டு. மற்ற 644 வீட்டாருக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் உண்டு; 2008 வரை அதுவும் இருக்கவில்லை.